சுவருக்குள் நடந்து வரும் வெயில்

சென்ற மே மாதம் நாமகிரிப்பேட்டையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிட்டது. மதியப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் பாயசம் விழுந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சாப்பாட்டுக் கூடத்துக்கு மேலே தகரக் கூரை. மின்விசிறி நின்று ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பாயசத்தைவிட நாங்கள் சூடாகிவிட்டோம்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் பக்கத்தில் இருந்தாள். "மாமா, இந்தச் சத்திரத்துல உக்கார முடியலைங்க. வெளிய போலாங்களா?" என்றாள். கை கழுவியதும் நழுவினோம்.

தெருவுக்கு எதிர்ப்புறம் ஒரு பழைய வீடு. திண்ணையில் ஓர் ஆயா முறத்தில் விரலி மஞ்சளைப் பரப்பி, உடைசலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாமகிரிப்பேட்டை என்றாலே மஞ்சள்தானே! ஏலம் நடக்கும் நாளில் விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் ரகமாக மூட்டைகள் வந்து இறங்கும். எங்கள் முகத்தைப் பார்த்த ஆயா ஒன்றும் கேட்கவில்லை. "உள்ள வாங்க தம்பி. பாப்பாவுக்கு மூஞ்சி செவந்துபோச்சு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்.

வாசற்படி தாண்டி ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், கால் வைத்தோம். குளிர்ச்சி! அதே தெரு, அதே வெயில், இங்கேயும் கரண்ட் இல்லை. அக்கா மகள் மேலேயும் பக்கத்திலும் பார்த்தாள். ஏசி எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறாள் என்பது புரிந்தது.

"ஏசியெல்லாம் இல்லை கண்ணு. அந்தச் சன்னல்கிட்டப் போய், சுவர் எத்தனை சாண் தடிமன்னு அளந்து பாரு" என்றேன்.

அவள் கைக்கு இரண்டு சாண். என் கைக்கு ஒன்றரை. எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு அடி.

நீங்கள் பள்ளியில் தண்ணீர் வாளியைக் கை மாற்றிக் கை மாற்றிக் கடத்தும் விளையாட்டு ஆடியிருப்பீர்கள். திடப்பொருளுக்குள் வெப்பம் போவதும் ஏறக்குறைய அப்படித்தான். வெளிப்பக்கத்து அணுக்கள் வெயிலில் சூடாகி அதிகமாக அதிரும். அந்த அதிர்வைப் பக்கத்து அணுவுக்குத் தள்ளிவிடும், அது அடுத்ததற்குத் தள்ளும். தகரம் அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். உலோகத்தில் இந்தக் கைமாற்றமும் படு வேகம். ஆகவே மேலே வெயில் விழுந்த உடனேயே கீழே நம் தலையில் இறங்கிவிடுகிறது. செங்கல்லோ நிதானமான ஆள். போகிற வழியில் வெப்பத்தின் பெரும்பங்கைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் அடுத்தவருக்குக் கொடுக்கும். ஒரு அடிச் செங்கல் சுவரின் ஒரு பக்கத்தில் விழுந்த வெயில் மறுபக்கம் வந்து சேர ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகும் என்று கட்டடப் பொறியாளர்கள் கணக்குச் சொல்வார்கள்.

"அப்பிடின்னா இந்தச் சுவத்துக்குள்ள இப்ப வெயில் நடந்து வந்துட்டு இருக்குங்களா மாமா?"

அவள் கேட்டது எனக்குப் பிடித்துப்போனது. வெயில் ஒரு வழிப்போக்கர். மதியம் ஒன்றரை மணிக்குச் சுவரின் வெளிப்புறத்தில் புறப்பட்டவர், ஒரு அடி தூரத்தை மெதுவாக நடந்து, இரவு ஒன்பதரை மணிவாக்கில் உள்ளே வந்து சேர்வார்.

"ராத்திரி வந்தா தூங்குறப்ப வேர்க்குமே?"

இதற்கு ஆயா பதில் சொன்னார்: "ராத்திரி எவ சாமி உள்ள படுத்தா? திண்ணை எதுக்கு இருக்குது?"

பாருங்கள், எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! பகலில் வெளியே கொதிக்கும்போது ஆள் உள்ளே. இரவில் வெயில் உள்ளே வரும்போது ஆள் வெளியே. இருவரும் சந்திக்காமலே இடம் மாற்றிக்கொள்கிறார்கள். சுவர் இரண்டடி, மூன்றடி என்றால் இன்னும் வேடிக்கை. வெயில் பாதிவழி வருவதற்குள் வெளியே பொழுது சாய்ந்து, வெளிச்சுவர் குளிர்ந்துவிடும். வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தானே போகும்? உள்ளே வந்துகொண்டிருந்தவரில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடுவார்.

பேச்சு சத்திரத்துக்குத் திரும்பியது ஆயாவால்தான். "அந்த மண்டபத்தப் போயி சத்திரம்ங்கறீங்க. சத்திரம் கல்யாணம் பண்ணவா கட்டுனாங்க? வழிநடை சனம் வந்து தங்கறதுக்குக் கட்டுனது. எங்க மாமியா காலத்துல இந்தத் திண்ணைலயே எத்தன பேரு வந்து படுத்துட்டுப் போவாங்க. யாரு எவருன்னு கேக்கறதுமில்ல."

இன்றைக்கு நமக்குச் சத்திரம் என்றால் கல்யாணச் சத்திரம். ஆனால் பேருந்தும் ரயிலும் வருவதற்கு முன்னால், ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் இரவில் எங்கே படுப்பார்கள், எங்கே சாப்பிடுவார்கள்? நாமகிரிப்பேட்டையிலிருந்து ஆத்தூருக்கு மஞ்சள் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி போவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாடு பாரம் இழுத்துக்கொண்டு மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் போகும். மே மாத மதியத்தில் அதுவும் போகாது. ஒரு பகல் போதாது. வழியில் தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும், மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், திருடர் பயமில்லாமல் கண்ணை மூட ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் சத்திரம், சாவடி, தாவளம் என்றெல்லாம் பெயர். ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள், பழைய வழிப்போக்கர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒட்டன்சத்திரம் இருக்கிறது. திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையம் இருக்கிறது. 'பேட்டை' என்றால் சரக்கு வந்து இறங்கும் சந்தையூர். நெடுஞ்சாலையில் காரை நிறுத்திப் பணம் வாங்கும் இடத்துக்கும் சுங்கச்சாவடி என்றுதானே சொல்கிறோம்? நம் 'சாவடி'யின் தெலுங்கு, மலையாள உறவுச் சொற்களிலிருந்துதான் ஆங்கிலேயர்கள் 'சவுல்ட்ரி' என்ற சொல்லையே உண்டாக்கிக்கொண்டார்கள்.

அடுத்த தாவளம் எவ்வளவு தூரம் என்று அந்தக் காலத்தில் எப்படித் தெரியும்? நமக்கு வடக்கே தருமபுரிப் பக்கம் 'அதியமான் பெருவழி' என்று எழுத்து வெட்டிய பழைய கற்கள் கிடைத்திருக்கின்றன. நாவல்தாவளம் என்ற இடத்துக்கு எத்தனை காதம் என்று அவற்றில் பொறித்திருக்கிறது. காதம் என்பது அந்தக் காலத்துத் தூர அளவு. எனக்கு மிகவும் பிடித்தது எழுத்தல்ல, எழுத்தோடு சேர்த்துக் கல்லில் குடைந்திருக்கும் குழிகள். பெரிய குழி என்றால் 10, சின்னக் குழி என்றால் 1. இரண்டு பெரிய குழி, ஏழு சின்னக் குழி இருந்தால் எத்தனை காதம்? சொல்லிவிட்டீர்களா? படிக்கத் தெரியாத வண்டிக்காரரும் சொல்லிவிடுவார். இருட்டில் வந்தால்கூட விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம்!

இங்கிலாந்திலும் பழைய வழிச்சாலை விடுதிகள் உண்டு. அவற்றின் வாசலில் சிங்கம், மணி, அன்னம் என்று ஏதாவது படம் வரைந்த பலகை தொங்கும். காரணம் இதுவேதான். எழுத்துத் தெரியாத பயணிக்கு எழுதி வைத்து என்ன பயன்?

தலைச்சுமையோடு நடந்து போகிறவருக்குச் சத்திரத்துக்கு முன்னாலேயே ஓர் உதவி தேவைப்படும். ராசிபுரத்திலிருந்து வரும் வழியில் புளியமரத்தடியில் பார்த்த மூன்று கற்களை அக்கா மகளுக்கு ஞாபகப்படுத்தினேன். இரண்டு நட்டுவைத்த கல், மேலே குறுக்கே ஒரு கல். "கோல்போஸ்ட்டுன்னு நெனச்சேன்" என்றாள். அதுதான் சுமைதாங்கிக் கல். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவர்கள் குடும்பத்தார் நட்டுவைப்பார்கள். சுமையை இறக்க முடியாமல் போனவளுக்காக, ஊரார் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். இதைச் சொன்னபோது ஆயா முறத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

அந்தக் கல் ஏன் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, தோளளவில் இருக்கிறது? தலையில் நாற்பது கிலோ மூட்டையோடு ஒருவர் தனியாக வருகிறார். தரையில் இறக்கிவிடலாம், ஆனால் மறுபடி தூக்கித் தலையில் வைப்பது யார்? தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்துக்கு அதைத் தூக்க 40 × 9.8 × 1.4, அதாவது ஏறக்குறைய 550 ஜூல் வேலை செய்தாக வேண்டும். ஒரு ஜூல் என்பது 100 கிராம் தக்காளியை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வேலை. அப்படியானால் 550 தக்காளி! அதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். சுமைதாங்கிக் கல்லில் வைத்தால், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தலையை மூட்டைக்கு அடியில் கொடுத்து நிமிர்ந்தால் போதும். தூக்க வேண்டிய உயரம் ஒரு சாண் இருக்கும். வேலை ஏழில் ஒரு பங்காகிவிட்டது, துணைக்கு இன்னொரு ஆளும் தேவையில்லை.

(இங்கே ஒரு குறும்பு. அந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சமதரையில் பத்து மைல் நடந்தால், மூட்டைமீது செய்த வேலை ஏறக்குறைய சுழி என்பார் இயற்பியல் வாத்தியார். மேலே தூக்கவில்லையே! கழுத்து நரம்பு இதை ஒப்புக்கொள்ளாது. நம் தசைகள் அசையாமல் தாங்கிக்கொண்டிருக்கவும் சக்தி செலவழிக்கும் வகையைச் சேர்ந்தவை. கல்லுக்கு அந்தச் செலவு இல்லை.)

இன்னொன்றையும் கவனியுங்கள். சுமைதாங்கியின் இரண்டு கால்களும் நெருக்கமாகவே இருக்கும். பத்து மூட்டை வைக்கிற மாதிரி நீளமாகக் கட்டியிருக்கலாமே? ஒரு சாக்பீஸை எடுங்கள். நட்டுவைத்து மேலிருந்து விரலால் அழுத்துங்கள், லேசில் உடையாது. அதையே இரண்டு கையாலும் பிடித்து வளையுங்கள். 'டக்'! கருங்கல்லின் குணமும் இதுதான். அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவையைத் தாங்கும் வலு, அழுத்தம் தாங்கும் வலுவில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். குறுக்குக் கல்லின் மேல் பாரம் வைத்தால் கல் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். மேல்பக்கம் அழுந்தும், அடிப்பக்கம் இழுபடும். விரிசல் அடியிலிருந்துதான் ஏறும். கால்களுக்கு நடுவே உள்ள தூரம் இரண்டு மடங்கானால், நடுவில் வைக்கக்கூடிய பாரம் பாதியாகிவிடும். கல்லாலான மண்டபங்களில் இத்தனை தூண்கள் ஏன் என்று இப்போது தெரிகிறதா? நூற்றுக்கால், ஆயிரங்கால் என்பதெல்லாம் அழகுக்கு மட்டுமில்லை. நடுவே தூண் இல்லாவிட்டால் கல் உத்திரம் முறிந்துவிடும். தூணின் தலையில் இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் ஒரு கல் இருக்குமே, அதற்குப் போதிகை என்று பெயர். உத்திரத்துக்குக் கீழே இருபுறமும் சற்று முன்னால் வந்து நின்று, இடைவெளியைக் குறைத்துவிடும். அடுத்த முறை கோயிலுக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள்.

சரி, சத்திரத்துக்குள் போவோம்.

தமிழ்நாட்டில் சத்திரம் கட்டியவர்கள் என்றதும் முதலில் நினைவுக்கு வருகிறவர் ராணி மங்கம்மாள். 1689 முதல் பதினாறு, பதினேழு ஆண்டுகள் மதுரையில் பேரனுக்காக ஆட்சி நடத்தியவர். சாலை போடுவதிலும் சத்திரம் கட்டுவதிலும் அவருக்கு அலாதி ஈடுபாடு. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றைக்கும் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் என்பதைவிட, சத்திரத்துக்கு எதிரே ரயில் நிலையம் வந்தது என்று சொல்வதுதான் சரி. அவர் காலத்தில் உலகத்தில் எங்குமே ரயில் கிடையாது.

தஞ்சாவூர் மராத்திய மன்னர்களின் சத்திரங்கள் இன்னும் பெரியவை. தஞ்சையிலிருந்து ராமேசுவரம் போகும் யாத்திரை வழி நெடுகக் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் முக்தாம்பாள் என்பவரின் நினைவாக 1800களின் தொடக்கத்தில் கட்டிய சத்திரத்தை நீங்கள் பார்க்க வேண்டும். குதிரையும் யானையும் இழுக்கும் தேர் மாதிரியே செதுக்கியிருக்கும். தங்க வருகிறவர் நடந்து வந்த களைப்பில் இருப்பார், கட்டடமோ கிளம்பத் தயாராக நிற்கும்! அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடந்தது.

இந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பது சரபோஜி மன்னரின் கடிதம் ஒன்றிலிருந்தே தெரிகிறது. 1801-ல், சத்திரங்களை என்னிடமே விட்டுவிடுங்கள் என்று ஆங்கிலேய அதிகாரிக்கு அவர் எழுதியது. எந்தச் சாதியாக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும் வந்தவருக்குச் சோறு உண்டு என்கிறார். சமைத்ததைச் சாப்பிடாத வழக்கமுள்ளவருக்கு அரிசியும் சாமானும் தனியாகக் கொடுத்துவிடுவார்கள். நள்ளிரவில் மணி அடிக்கும். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்பதற்கான மணி அது. கைக்குழந்தைக்குப் பால். காய்ச்சலில் விழுந்தவருக்கும் பாம்பு கடித்தவருக்கும் வைத்தியர். வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அங்கேயே எல்லாக் கவனிப்பும். இத்தனைக்கும் காசு கிடையாது. இங்கிலாந்து விடுதியிலிருந்து நம் சத்திரம் வேறுபடுவது இந்த இடத்தில்தான். அங்கே பொதுவாக விடுதி என்பது கடை. படுக்கைக்கு, உணவுக்கு, குதிரைக்குப் புல்லுக்கு என்று தனித்தனியாகக் காசு வாங்குவார்கள்.

சென்னையில் ஒரு சத்திரம் மருத்துவமனையாகவே ஆகிவிட்டது. 1782 பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான், மருத்துவமும் சேர்ந்து வளர்ந்து, இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு வேராக அமைந்தது.

இப்படிப்பட்ட சத்திரங்களின் சுவரை ஒட்டவைத்தது எது? சிமென்ட் அப்போது இங்கே இல்லை. சுண்ணாம்புதான். அது கல்லாக இருந்து, மாவாகி, மறுபடி கல்லாகும் கதை எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

சுண்ணாம்புக்கல் நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. சங்ககிரியில் சிமென்ட் ஆலை வந்ததே அதனால்தான். கடலோரத்தில் கிளிஞ்சலை எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் வேதியியலில் ஒன்றே, கால்சியம் கார்பனேட். இதைக் காளவாயில் போட்டு, 900 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றினால் உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயு கிளம்பிப் போய்விடும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும். பாக்கி 44 கிலோ காற்றோடு காற்றாகப் போய்விட்டது! மிஞ்சியது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும், சீறும், வெடித்துப் பொடியாகும். நீற்றுவது என்பது இதைத்தான். (வேடிக்கை பார்க்கலாம், கிட்டே போகக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.)

நீற்றிய சுண்ணாம்பில் மணலைச் சேர்த்துக் கல் சக்கரத்தில் மாடு கட்டி அரைப்பார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். அந்தச் சாந்தைக் கட்டடத்தில் பூசியதும் அது என்ன செய்கிறது தெரியுமா? காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. காளவாயில் தொலைத்ததைத் தேடிப் பிடித்து, மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. தடிமனான சுவரின் உள்பகுதி முழுவதும் இப்படி இறுக ஆண்டுக்கணக்காகும். சத்திரத்தில் தங்கி, மூச்சு விட்டு, அடுப்பெரித்துப் போனவர்களின் கார்பன் டை ஆக்சைடும் அந்தச் சுவரில் கொஞ்சம் கல்லாகியிருக்கும்!

இதை நீங்களே பார்க்கலாம், பெரியவர் யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் ஒரு துளியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஆடாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். அதை மட்டும் ஒரு தட்டில் ஊற்றி மூடாமல் வையுங்கள். மறுநாள் தண்ணீர்மேல் மெல்லிய ஏடு படிந்திருக்கும். பால் ஏடு மாதிரி. அது காற்று உண்டாக்கிய கல்.

ஆசாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்த அக்கா மகள், "மேல மரம் மரமா இருக்குங்களே" என்றாள். அந்த வகைக் கூரையை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். மரக்கட்டைகளை வரிசையாக வைத்து, மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கிச் செங்குத்தாக அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரத்தட்டியால் நாள்கணக்காக அடித்து இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. வெயில் வழிப்போக்கர் இத்தனை படியும் இறங்கி வர வேண்டும்.

இந்த வீட்டுக்கு நடுவில் வானம் பார்த்த வாசல் உண்டு. தொட்டிக்கட்டு வீடு. சத்திரங்களிலும் இதே அமைப்புதான், பெரிய அளவில். நடுவில் முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், அதற்குப் பின்னால் அறைகள். சூடான காற்று லேசானது, மேலே போகும். 27 டிகிரிக் காற்றை 57 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். முற்றத்தின் வழியாக அது வெளியேற, அந்த இடத்தை நிரப்ப நிழலில் கிடக்கும் தெருப்பக்கத்துக் காற்று வாசல் வழியாக நுழையும். இரவில் முற்றத்துத் தரை தன் வெப்பத்தைத் திறந்த வானத்துக்கு அனுப்பிவிட்டுக் குளிரும். குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் குழியில் தண்ணீர் தேங்குவதுபோல் அங்கேயே தேங்கும். பேரன் பேத்திகள் முற்றத்தில் பாய்க்குச் சண்டை போடுவது இதனால்தான்.

லண்டனில் சதர்க் என்ற பகுதியில் 'ஜார்ஜ்' என்றொரு பழைய விடுதி இருக்கிறது. 1676-ல் பெரிய தீ விபத்து. மறு ஆண்டே திரும்பக் கட்டியதுதான் இப்போது நிற்பது. அதற்கும் முற்றம் உண்டு! ஆனால் அது காற்றுக்காக இல்லை, குதிரை வண்டிகள் உள்ளே வந்து திரும்புவதற்காக. முற்றத்தைப் பார்த்தபடி மாடி மாடியாக மரத் தாழ்வாரங்கள். அந்தக் காலத்தில் இதுபோன்ற விடுதி முற்றங்களில் நாடகம்கூடப் போடுவார்களாம். தாழ்வாரத்தில் நின்று பார்க்கலாம், கீழே நின்றும் பார்க்கலாம்.

அந்த நாட்டுக் கட்டடக் கலைஞருக்கு இருந்த கவலை வேறு. நம் ஆள் வெப்பத்தை எப்படி வெளியே நிறுத்துவது என்று யோசித்தார். அவர் எப்படி உள்ளே பிடித்து வைப்பது என்று யோசித்தார். ஆகவே தாழ்ந்த கூரை, சின்ன சன்னல், அறைக்குள்ளேயே கணப்பு, அதன் புகையை இழுக்க உயரமான புகைபோக்கி. புகைபோக்கி எவ்வளவு உயரமோ இழுவையும் அவ்வளவு பலம். நம் முற்றம் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது, நெருப்பின் துணையோடு. மழையும் பனியும் வழிந்தோடக் கூரையைச் சரிவாக வைத்தார். ஓக் மரத்தில் சட்டம் போட்டு, இடைவெளியில் குச்சி பின்னி, மண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துப் பூசினார். குச்சி, மண், சாணம் என்றதும் ஆயா, "அட, நம்ம ஊரு மண்ணு வீடு!" என்றார்.

அந்த ஜார்ஜ் விடுதியில் இப்போது ஒரு பக்கம்தான் மிச்சம். மற்றப் பக்கங்களை 1889-ல் ரயில் கம்பெனி ஒன்று இடித்துவிட்டது. நம் கதையும் அதுதான். 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. 1860களின் தொடக்கத்திலேயே சேலம் வழியாகத் தண்டவாளம் போய்விட்டது. நாள்கணக்கில் நடந்த தூரத்தை மணிக்கணக்கில் கடந்த பிறகு, நடுவழியில் இரவு தங்க யார் இறங்குவார்கள்? சாலையோரச் சத்திரங்கள் மெல்ல ஆளற்றுப்போயின. பெரிய கூடம், பெரிய அடுப்பு, பெரிய அண்டா, கிணறு. இத்தனையும் சும்மா கிடக்கலாமா? எங்காவது கல்யாணம் வந்தால் அங்கே வைத்துக்கொண்டார்கள். சத்திரம் கல்யாணச் சத்திரமானது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் சொல்லி முடித்தபோது தெருவில் 'ஹே' என்று சத்தம். கரண்ட் வந்துவிட்டது. மண்டபத்து ஒலிபெருக்கி விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தது. அக்கா மகள் அசையவில்லை. ஒரு செங்கல்லையும் ஒரு தகரத் தட்டையும் ஆயாவிடம் கேட்டு வாங்கி, இரண்டையும் வெயிலில் வைத்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொட்டுப் பார்த்தபோது தகரம் ஆறிப்போயிருந்தது. செங்கல் இளஞ்சூடாக இருந்தது.

இரவு அங்கேயே தங்கச் சொன்னார் ஆயா. திண்ணையில் பாய் விரித்தாயிற்று. போதமலைப் பக்கமிருந்து காற்று லேசாக வந்தது. எனக்குக் கண் சொருகும் நேரம், அவள் எழுந்து உள்ளே போவது தெரிந்தது. மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். மணி பத்தாகப் போகிறது.

"மாமா," என்று கிசுகிசுத்தாள், "வந்துட்டாருங்க."